கண்ணாடி மாற்றியாயிற்று, கேமராவைச் சரிபார்த்தார்களா?

போன ஐப்பசியில் செங்கல்பட்டு தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் போன டிப்பர் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து என் காரின் முன் கண்ணாடியில் பட்டது. முதலில் ஒரு ரூபாய் நாணய அளவில் நட்சத்திரம் போல ஒரு சில்லு. திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள், உள்ளே ஏசிக் குளிரும் வெளியே வெயிலும் சேர்ந்து அதைக் கோடாக இழுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் வரை கொண்டுவந்துவிட்டன. இனி ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். இரண்டு நாளில் புதுக் கண்ணாடி போட்டு, வண்டியைக் கழுவித் துடைத்து, பளபளவென்று கையில் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் அதே சாலை. நேரான ரோடு, நடு லேன், மணிக்கு 80 கி.மீ. வேகம். இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங் மெல்ல இடப்பக்கம் இழுத்தது. நேராக்கினேன். மறுபடியும் இழுத்தது. இடது லேனில் எனக்குச் சற்று முன்னால் ஒரு பைக். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் மனைவி. கேமராவைக் கொண்டு ஸ்டீயரிங்கைத் தானே திருப்பி வண்டியை லேனுக்குள் வைக்கும் லேன் உதவியை உடனே அணைத்துவிட்டு, அடுத்த டீக்கடையில் ஓரம் கட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். சர்வீஸ் அட்வைசர் கேட்டார்: “சார், டேஷ்போர்டுல லைட்டு எதுவும் எரியலையே, அப்புறம் என்ன?”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எந்த விளக்கும் எரியவில்லை. ஆனால் விளக்கு எரியவில்லை என்பதால் கேமரா சரியாகப் பார்க்கிறது என்று ஆகிவிடாது. அது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முன் கண்ணாடியின் உள்பக்கம், நடு மிரருக்குப் பின்னால், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குள் இருப்பதுதான் ஏடாஸ் (ADAS, ஓட்டுநர் உதவி அமைப்பு) கேமரா. லேன் கோட்டைப் பார்ப்பது, முன்னால் போவது லாரியா பைக்கா மனிதரா என்று அடையாளம் காண்பது, தேவைப்பட்டால் தானாக பிரேக் போடச் சொல்வது எல்லாம் அதன் வேலை. 2020இல் எம்ஜி குளோஸ்டர் வந்தபோது இது பெரிய பணக்கார வண்டிகளின் சமாச்சாரமாக இருந்தது. 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, 2022இல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், 2023இல் வெர்னா, 2024 ஜனவரியில் புதிய கிரெட்டா என்று வரிசையாக இறங்கி இப்போது நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்துவிட்டது. வெர்னாவும் கிரெட்டாவும் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகின்றன.

கண்ணாடி மாற்றும் தொழில் இதைவிட ரொம்பப் பழையது. பழைய கண்ணாடியைச் சுற்றியுள்ள பசையை அறுத்து எடுப்பது, ஃபிரேமைச் சுத்தம் செய்து பிரைமர் தடவுவது, யூரித்தேன் பசையை ஒரே சீராக இழுப்பது, இரண்டு பேர் சேர்ந்து புதுக் கண்ணாடியை உட்கார வைப்பது. கைத்திறன் தேவைப்படும் வேலை. முன்பெல்லாம் தண்ணீர் ஒழுகாமல், காற்றுச் சத்தம் வராமல் இருந்தால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இப்படி அப்படி உட்கார்ந்தாலும் யாருக்கும் தெரியாது. இன்றைய வண்டியில் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பிரச்சினை.

பெரும்பாலான வண்டிகளில் கேமரா காரின் உடம்பில் மாட்டப்பட்டிருப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டிய ஒரு பிராக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆக, கண்ணாடியை எடுத்தால் கேமராவின் இருக்கையையே எடுத்த மாதிரி. புதுக் கண்ணாடியில் இருப்பது வேறு பிராக்கெட். பழையது இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடியின் அகலம் சுமார் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பசை 5 மி.மீ. தடிமனாக நின்றுவிட்டால் கண்ணாடி மொத்தமும் 0.2 டிகிரி திரும்புகிறது. கேமரா உட்காரும் பிராக்கெட் 10 செ.மீ. நீளம் என்றால், அதன் ஒரு முனை 1 மி.மீ. விலகினாலே அரை டிகிரிக்கு மேல் போய்விடும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் ஒரு டிகிரியை நெருங்குகிறோம்.

ஒரு டிகிரி என்றால் கேட்பதற்கு அற்பமாக இருக்கும். 50 மீட்டர் தூரத்தில் அது 87 செ.மீ. 100 மீட்டரில் 1.75 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர், கிரெட்டா மாதிரி ஒரு வண்டியின் அகலம் 1.8 மீட்டருக்குப் பக்கம். நடுவில் போனால் இரண்டு பக்கமும் மிஞ்சும் இடம் தலா 85 செ.மீ. அதாவது ஒரு டிகிரிப் பிழை, 50 மீட்டருக்கு முன்னால் இருக்கும் லேனை நமக்கு இருக்கும் மொத்த இடைவெளி அளவுக்குத் தள்ளிக் காட்டும். என் ஸ்டீயரிங் இழுத்ததற்குக் காரணம் அதுதான். வண்டி தன் கணக்குப்படி என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தது. அதன் கண்ணில் நான் வலப்பக்கக் கோட்டை உரசிக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டுப் பிழையையாவது ஓட்டுபவர் கையில் உணர முடிகிறது. மேல் கீழ் பிழை இன்னும் மோசம், ஏனென்றால் அதை யாராலும் உணர முடியாது. ஒற்றைக் கேமரா தூரத்தை எப்படி அளக்கிறது? முன்னால் போகும் வண்டியின் சக்கரம் ரோட்டைத் தொடும் இடம், தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்பது ஒரு முக்கியமான வழி. பக்கத்தில் இருந்தால் நிறையக் கீழே, தூரத்தில் இருந்தால் கொஞ்சம் கீழே. கார்களுக்கான கேமரா தொழில்நுட்பம் செய்யும் மொபில்ஐ (Mobileye) நிறுவனத்தின் அம்னோன் ஷாஷுவாவும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கணக்கைத்தான் விரித்திருந்தார்கள். கேமரா 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தூரத்து வண்டி தொடுவானத்துக்கு வெறும் ஒன்றரை டிகிரி கீழே தெரியும். முழுக் கணக்கும் அந்த ஒன்றரை டிகிரிக்குள்தான் நடக்கிறது. அதில் 0.3 டிகிரி பிழை புகுந்தால், 50 மீட்டரில் இருக்கும் லாரி கேமராவுக்கு 63 மீட்டரில் இருப்பதாகத் தெரியலாம். எதிர்ப்பக்கம் பிழை வந்தால் 42 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறோம். 13 மீட்டர் என்பது கிட்டத்தட்ட அரை நொடி. தானியங்கி பிரேக் அரை நொடி தாமதமாகப் பிடிப்பதற்கும் சரியான நேரத்தில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பல வண்டிகளில் பம்பரில் ஒரு ரேடாரும் இருக்கிறது. தூரத்தை அது தனியாக அளந்து கேமராவின் கணக்கோடு ஒத்துப் பார்க்கும். பொருளின் அளவு, பெரிதாகும் வேகம் என்று மென்பொருளுக்கு வேறு துப்புகளும் உண்டு. அதனால் நான் மேலே போட்ட கணக்கு அப்படியே ஒவ்வொரு வண்டியிலும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஹோண்டா சிட்டியைப் போல கேமராவை மட்டும் நம்பும் வண்டிகளும் இருக்கின்றன. ரேடார் இருக்கும் வண்டியிலும் லேன் கோட்டைப் பார்ப்பது கேமரா மட்டும்தான். ரேடாருக்குப் பெயின்ட் தெரியாது.

சரி, இவ்வளவு தப்பாகப் பார்க்கிற கேமரா ஏன் விளக்கை எரிய வைக்கவில்லை? கண்ணாடி மாறியது கேமராவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வயர் இணைப்பு சரியாக இருக்கிறதா, லென்ஸ் மறைந்திருக்கிறதா, உள்ளே சூடு அதிகமாகிவிட்டதா என்பதையெல்லாம் அது கண்டுபிடிக்கும். தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதைக் கண்டுபிடிக்க அதற்கு வெளியிலிருந்து ஒரு ஆதாரம் வேண்டும். இக்னிஷன் ஆன் செய்யும்போது கேமரா கழற்றப்பட்டிருந்தால் ஒரு பிழைக் குறியீடு (ஃபால்ட் கோட்) பதிவாகும். இக்னிஷனைப் போடாமலே கழற்றி, கண்ணாடியை மாற்றி, திரும்பச் செருகிவிட்டால் அதுவும் பதிவாகாது. ஓடும்போதே சின்னச் சின்ன விலகல்களைத் தானே திருத்திக்கொள்ளும் திறன் பல கேமராக்களுக்கு உண்டு. பின் டிக்கியில் பாரம் ஏற்றினால் மூக்கு சற்றே தூக்குவது போன்றவற்றை அப்படிச் சமாளிக்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கண்ணாடி மாற்றிய பிறகு தயாரிப்பாளர்கள் கேலிபரேஷன், அதாவது கேமராவுக்கு ‘நேர்’ எது என்று மறுபடி அளந்து சொல்லிக்கொடுக்கும் வேலை, கேட்பதன் காரணமும் அதுதான்: அந்தத் திருத்தம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு புள்ளியை முதலில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

கேலிபரேஷன் இரண்டு விதம். வண்டியை நிறுத்தி வைத்து, முன்னால் பலகை வைத்துச் செய்வது ஒன்று. ரோட்டில் ஓட்டிச் செய்வது இன்னொன்று. எந்த வண்டிக்கு எது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். சில மாடல்களுக்கு இரண்டும் வேண்டும். நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நிறுத்தி வைத்துச் செய்வதை நான் இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் இந்த வேலையின் மேல் மரியாதை வந்தது. இளைஞர் ஒருவர், முப்பது வயது இருக்கும். வண்டியை உள்ளே விட்டதும் கணினியைத் தொடவே இல்லை. முதலில் நான்கு டயரிலும் காற்று பார்த்தார். டிக்கியைத் திறந்து, நான் எப்போதும் வைத்திருக்கும் இருபது லிட்டர் தண்ணீர் கேனை இறக்கினார். “இது இருந்தா பின்னாடி தணியும் சார், கேமரா மேல பாக்கும்” என்றார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். வீல் அலைன்மென்ட் எப்போது பார்த்தது என்று கேட்டு, நான் யோசித்ததைப் பார்த்துவிட்டு, அதையே முதலில் செய்துவிட்டார். வண்டி உண்மையில் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பின் சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. அந்தக் கோட்டை வைத்துத்தான் கேமராவுக்கு ‘நேர்’ எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அலைன்மென்ட் கோணலாக இருந்தால், கோணலையே நேர் என்று கற்றுக்கொடுத்துவிடுவோம்.

பிறகு கொத்தனார் வைத்திருப்பது போன்ற தூக்குக்குண்டு. முன் லோகோவின் நடுவிலிருந்து ஒன்று, பின் லோகோவின் நடுவிலிருந்து ஒன்று தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, நூல் இழுத்து வண்டியின் நடுக்கோட்டைக் குறித்தார். அந்தக் கோட்டை முன்னால் நீட்டி, தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட பலகையை ஸ்டாண்டில் நிறுத்தினார். உயரத்தை டேப்பால் அளந்தார். இடமும் வலமும் மூலைக்கு மூலை அளந்து, 4 மி.மீ. வித்தியாசம் வந்ததும் பலகையைத் திருப்பி மறுபடி அளந்தார். பின்னால் சுவரில் இருந்த கட்டம் போட்ட காலண்டரைக் கழற்றச் சொன்னார், கேமரா அதைப் பலகை என்று குழப்பிக்கொள்ளுமாம். பக்கத்து ஷட்டரை இழுத்துவிட்டார், வெயில் பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்ததால். வோல்டேஜ் இறங்காமல் இருக்க பேட்டரிக்குச் சார்ஜர் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் இதற்கே போயிற்று. வண்டியின் கணினியோடு பேசும் கருவியான ஸ்கேன் டூலைச் செருகி பட்டனை அழுத்திய பிறகு, கேமரா தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்துக்கொண்டது சில நிமிடம்தான்.

அதனால்தான், கேலிபரேஷன் செய்தோம் என்று ஒருவர் சொன்னால் எங்கே செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும்; வண்டிக்கு முன்னால் பல மீட்டர் காலி இடம் வேண்டும்; வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். தெருவோரத்தில் கண்ணாடி மாற்றித் தருபவர் நல்ல கைவேலைக்காரராக இருக்கலாம். ஆனால் சரிவான தெருவில், மரநிழலும் வெயிலுமாக இருக்கும் இடத்தில் பலகை வைத்து இதைச் செய்ய வழியில்லை.

ஓட்டிச் செய்வதில் வேறு சிரமம். ஸ்கேன் டூலை இணைத்துவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல், தெளிவான லேன் கோடுள்ள சாலையில் தொடர்ந்து ஓட்ட வேண்டும். சென்னைக்குள் எந்நேரமும் அந்த வேகம் எங்கே கிடைக்கும்? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் மழை இல்லாத பகலில். கோடு அழிந்த ரோட்டில், பாலம் கட்டும் வேலைக்காகத் திருப்பிவிட்ட ரோட்டில் கேமரா கற்றுக்கொள்ளாது, அரைகுறையாக நின்றுவிடும். அப்படி நின்றுபோனதை முடிந்தது என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிறது. டெஸ்லா வண்டிகளில் ஸ்கேன் டூல் வைத்த ஆள் தேவையில்லை. கேமராக்கள் ஓட ஓடத் தாமே கற்றுக்கொள்ளும், முடியும்வரை ஓட்டுநர் உதவி வசதிகள் கிடைக்காது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. வண்டியே ‘இன்னும் தயாரில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வது நேர்மையான முறை.

இன்னொன்று பசை. யூரித்தேன் காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு நேரம் வண்டியை எடுக்கக் கூடாது என்பது பசைக்குப் பசை மாறும், பசைத் தயாரிப்பாளரே அதைச் சொல்லியிருப்பார். அது இறுகுவதற்கு முன் கேலிபரேஷன் செய்தால், பிறகு கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் செய்ததெல்லாம் வீண். “மதியம் விடுங்க, சாயங்காலம் எடுத்துக்குங்க” என்று சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்காது இனி.

கண்ணாடியே எது என்பதும் முக்கியம். ஐஎஸ்ஐ முத்திரை அவசியம். கண்ணாடி உடைந்தால் எப்படி உடைய வேண்டும், நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் துண்டுகளைப் பிடித்து வைக்க வேண்டும், ஓட்டுபவருக்குக் காட்சி நெளியக் கூடாது என்பதையெல்லாம் அந்தத் தரம் பார்க்கிறது. ஆனால் கேமராவுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறிய ஜன்னல் பகுதியில் காட்சி எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும், பிராக்கெட் எங்கே ஒட்டியிருக்க வேண்டும் என்பது கார் தயாரிப்பாளரின் தனிக் கணக்கு. ஒரே மாடலுக்கு கேமரா உள்ள கண்ணாடி, இல்லாத கண்ணாடி, மழை சென்சார் உள்ளது என்று பல ரகம் உண்டு. விலை குறைவு என்று கேமரா இல்லாத ரகத்தை வாங்கி, பழைய பிராக்கெட்டைப் பெயர்த்து அதில் ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஜப்பான் இந்த விஷயத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல், தானியங்கி பிரேக் கேமரா உள்ள வண்டியின் முன் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது, அந்தக் கேமராவைச் சரிசெய்வது இரண்டும் அங்கே தனிச் சான்று பெற்ற பட்டறைகள் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள். பழைய பட்டறைகள் தயாராவதற்கு நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். பிரேக்கைப் பிரித்து மாட்டுவதற்கு என்ன பொறுப்போ, அதே பொறுப்பு கண்ணாடிக்கும் வந்துவிட்டது. யோசித்தால் அது சரிதான். இப்போது பிரேக்குக்கு உத்தரவு போடுவதே அந்தக் கண்ணாடியின் பின்னால் இருந்துதானே. நம் நாட்டில் 2025 மார்ச்சில் பஸ், லாரிகளுக்கு இப்படிப்பட்ட வசதிகளைக் கட்டாயமாக்க மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. பஸ்ஸின் முன் கண்ணாடி எவ்வளவு அடிக்கடி உடைகிறது என்பது டிப்போவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த வண்டிகளுக்கு கேலிபரேஷன் செய்ய இடமும் ஆளும் இப்போதே தயாராக வேண்டும்.

காசு விஷயம். நம் மோட்டார் இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி நாம் கொடுக்க வேண்டும், தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால் தவிர. இது போக, ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும் பங்கு 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய். கேலிபரேஷன் கூலி எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக இருக்கிறதா என்று இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முன்பே பாருங்கள். எஸ்டிமேட்டில் இல்லாததைப் பிறகு சேர்ப்பது பெரும்பாடு; சேர்க்க முடியாமல் போனால் ஒர்க்‌ஷாப் அந்த வேலையையே விட்டுவிடும். எனக்கு நடந்தது அதுதான் என்று பில்லை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. கண்ணாடி, பசை, மோல்டிங், கூலி. கேமரா என்ற சொல்லே அதில் இல்லை.

வண்டியை எடுக்கும்போது ஸ்கேன் டூலின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எண், தேதி, கேலிபரேஷன் முடிந்தது என்ற பதிவு அதில் இருக்கும். அது கையில் வரும்வரை லேன் உதவியையும், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் குரூஸையும் அணைத்தே வையுங்கள். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டாக்கும் போயிருக்கும். உரித்து ஒட்ட முடியாது, வங்கியிடம் மாற்று டேக் வாங்க வேண்டும். புதியதை ஒட்டும்போது கேமரா ஜன்னலுக்கு முன்னால் வராமல் தள்ளி ஒட்டுங்கள். டேஷ்கேமும் அப்படித்தான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பாளர் முத்திரையும், தயாரித்த ஆண்டைக் குறிக்கும் எண்ணும் சின்னதாகப் பொறித்திருக்கும். கதவுக் கண்ணாடிகளில் எல்லாம் ஒரு எண் இருந்து, முன் கண்ணாடியில் மட்டும் வேறு எண் இருந்தால் அது மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றியிருந்தால் தப்பில்லை. விற்பவரிடம் கேலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். இல்லை என்றால், விலை பேசுவதற்கு முன் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.